கல்வராயன் மலை நிற்பது எப்படி?
கல்லும் பிளவும் சேர்ந்து எழுதிய வரலாறு

கள்ளக்குறிச்சிச் சீமையில் படித்த எவருக்கும் மேற்குத் திசை என்றாலே ஒரு நீலக்கோடுதான் நினைவுக்கு வரும். மழை வருமா வராதா என்று பார்ப்பதும் அந்தப் பக்கம்தான். பொழுது சாய்வதும் அந்தப் பக்கம்தான். மலையிலிருந்து இறங்கி வந்து நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பர்களின் ஊரும் அங்கேதான். ஆனால் "அந்த மலை ஏன் அங்கே நிற்கிறது?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

"கிழக்குத் தொடர்ச்சி மலைகள் மிகப் பழமையானவை, தேய்ந்து துண்டு துண்டாகக் காணப்படுகின்றன." பரீட்சைக்கு இந்த இரண்டு வரி போதும், இரண்டு மார்க்கும் கிடைக்கும். ஆனால் எல்லாம் தேய்ந்தது என்றால் இது மட்டும் ஏன் மிச்சம் நின்றது? பக்கத்திலேயே சின்னசேலம், தியாகதுருகம் பக்கமெல்லாம் ஏன் சமவெளியாகப் போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றையும், மலையின் சொந்த வரலாற்றையும் இம்மலரின் வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் அமைப்பு

கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பேச்சு வழக்கில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். வடக்கே உள்ள சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி. தெற்கே உள்ள பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி. கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியோ கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரம்தான்.

கச்சிராயபாளையம் பக்கமிருந்து பார்த்தால் மலை சுவர் போல எழும்பி நிற்கிறது. ஏறி முடித்தாலோ கூர்மையான சிகரம் ஏதும் இல்லை. மேலே அகன்ற மேட்டு நிலம், செம்மண் வயல், ஓடை, மறுபடியும் சிறு குன்றுகள். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு எல்லாம் இப்படிப்பட்ட மேட்டு நிலத்து ஊர்களே. சேலம் மாவட்டப் பக்கத்தில் கருமந்துறையும் அப்படித்தான். ஓரம் செங்குத்து, உச்சி தட்டை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விடையின் பாதி இதில்தான் இருக்கிறது.

மலையைப் படித்தவர்கள்

இந்தப் பகுதியின் பாறைகளை முதலில் முறையாக நடந்து பார்த்து எழுதியவர்கள் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவர். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறை அமைப்பைப் பற்றி 1860-களில் இவர்கள் எழுதிய அறிக்கைதான் நமக்கு ஆதி நூல் எனலாம். சாலை ஏது, ஜீப் ஏது? குதிரையும் கால்நடையும்தான். இதே ஃபூட்தான் 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவர். கல்லைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, மனிதன் செதுக்கிய கல்லும் தப்பவில்லை!

அதே பல்லாவரம் நம் மலையின் கதையில் இன்னொரு முறையும் வருகிறது. கல்கத்தா நகரின் தொடக்க காலத்தோடு பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரி 1690-களில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு வைத்த கருங்கல், சென்னைப் பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரம் வகைக் கல். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, இது தனி வகைப் பாறை என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். அதுதான் சார்னோகைட். இன்று அண்டார்டிகாவில் அந்தப் பாறையைக் கண்டாலும் உலகம் இந்தப் பெயரால்தான் அழைக்கிறது. கல்வராயன் மலையின் பெரும்பகுதி இந்தச் சார்னோகைட்தான். சேர்வராயன், கொல்லிமலை, நீலகிரி, பழனிமலை எல்லாவற்றிலும் இதே பாறை ஓங்கி நிற்கிறது.

1965-ல் யூலியஸ் பூடெல் என்ற ஜெர்மானியப் புவியியல் அறிஞர் தமிழ்நாட்டுச் சமவெளியைப் பற்றி எழுதினார். அவர் மலையைவிடச் சமவெளியைப் பார்த்துத்தான் அதிகம் வியந்தார். இவ்வளவு தட்டையாக, கெட்டிப் பாறையின் மேலேயே ஒரு சமவெளி எப்படி உண்டாயிற்று? மண்ணுக்கு அடியில் பாறை மக்கிக்கொண்டே இறங்குகிறது. மேலே மழை மண்ணை வழித்துக்கொண்டு போகிறது. மேல் மட்டம் ஒன்று, அடியில் பாறை மட்டம் ஒன்று. இரண்டும் சேர்ந்து கீழிறங்குகின்றன என்பது அவர் கருத்து. அதாவது சமவெளி சும்மா கிடக்கவில்லை. அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கிறது!

2000-ஆம் ஆண்டில் யான்னி கன்னெல், லூஷே என்ற இருவர், தென்னிந்தியா, இலங்கை இரண்டிலும் உள்ள சார்னோகைட் பாறையின் கடினத்தையும், அது மக்கும் விதத்தையும் இணைத்து ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரே பாறை ஓரிடத்தில் இரும்பாக நிற்கும், இன்னோரிடத்தில் மண்ணாக உதிரும் என்பதே அதில் நமக்கு வேண்டிய செய்தி. அதற்குப் பின்னால் வருவோம்.

கல்லின் கதை

சார்னோகைட் மேலே உண்டான பாறை அன்று. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700 முதல் 900 டிகிரி சூட்டில், பெரும் அழுத்தத்தில் வெந்து உருமாறிய பாறை. நம் பகுதியில் இது நடந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்படியானால் வெள்ளிமலைக்குப் போகும் வழியில் நாம் சாய்ந்து உட்காரும் ஒரு கருநீலப் பாறையின் மேல் ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் கனத்துக்குக் கல் இருந்தது என்று அர்த்தம். அது முழுவதும் போய்விட்டது. மலை என்று நாம் அண்ணாந்து பார்ப்பது உண்மையில் ஓர் அடித்தளம். மாடியெல்லாம் இடிந்து, அஸ்திவாரம் மட்டும் நிற்கிற வீடு போல.

சரி, அந்த அஸ்திவாரம் ஏன் இங்கே உயரமாகவும் அங்கே தாழ்வாகவும் இருக்கிறது?

கீழே சமவெளியில் பெரும்பாலும் இருப்பது நைஸ் பாறை. வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடுமாக வரிவரியாக இருக்கும். கறுப்பு வரியில் அப்பிரகம் உண்டு. அந்த வரி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்பிரகம் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பினால் பாறை பிளந்து சரளையாகக் கொட்டும். நம் பக்கத்தில் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். "மேல செம்மண்ணு, அப்புறம் சரளை, அப்புறம் கையால பேர்க்கிற மாதிரி மக்கின பாறை, கடைசியில வெடி வைக்கணும்" என்பார்கள். பூடெல் ஜெர்மன் மொழியில் எழுதியதை நம் கிணற்றுக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சார்னோகைட் அப்படியில்லை. அது காய்ந்த பாறை. உருவானபோதே நீர் வற்றிப்போனது. அப்பிரகம் குறைவு. மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இருக்கும். வெடிப்பும் குறைவு. சுத்தியலால் அடித்தால் 'ணங்' என்று திரும்பி வரும். தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லாததால் ஓடிப்போய்விடுகிறது. சுற்றியிருந்த நைஸ் மக்கி இறங்க இறங்க, சார்னோகைட் நின்ற இடத்திலேயே நின்றது. அது வளர்ந்து உயரவில்லை. மற்றவை தாழ்ந்ததால் உயரமாகத் தெரிகிறது.

பிளவின் கதை

"அப்போ கல்லு கெட்டி, அதனால நிக்குது. அவ்வளவுதானே சார்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அதே சார்னோகைட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பரங்கிமலையைப் பாருங்கள். சில நூறு அடிக் குன்று அது. பெயர் பெற்ற பாறை தாழ்ந்து கிடக்கிறது. அதன் தம்பி இங்கே 4,000 அடியில் நிற்கிறான். ஆகவே கல் மட்டும் காரணமில்லை.

இங்கேதான் பிளவுகள் வருகின்றன. சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரும் சாலையை எண்ணிப் பாருங்கள். வடக்கே கல்வராயன், தெற்கே கொல்லிமலையும் பச்சைமலையும். நடுவே நேர்கோடு போட்டது போல ஒரு பள்ளத்தாக்கு. வசிஷ்ட நதி அதில்தான் ஓடுகிறது. சாலையும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையும் அதில்தான் போகின்றன. மேற்கே மோயாறு, பவானியிலிருந்து தொடங்கி ஆத்தூர் வரை நீளும் ஒரு மாபெரும் பாறை முறிவு மண்டலத்தின் கிழக்குப் பகுதி இது. பூமியின் ஆழத்தில் இரண்டு பெரும் பாறைத் துண்டங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்தபோது, நடுவில் அகப்பட்ட பாறை அரைபட்டது. இழுபட்டு, மெல்லிய ஏடுகளாக ஆனது. அரைபட்ட பாறையில் தண்ணீருக்கு நுழைவது சுலபம். ஆறு அந்த நலிந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தோண்டியது. பள்ளம் பிறந்தது.

வடக்கே கல்வராயனுக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவே செங்கம் இடைவெளி. அந்தப் பக்கத்து மலைகளுக்கு ஊடே வருகிற தென்பெண்ணையைத்தான் சாத்தனூரில் 1958-ல் கட்டி முடித்த அணை தடுத்து நிறுத்துகிறது.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவின் கீழைக்கரை அண்டார்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது. கரையோரம் இறங்கியது, கடல் உள்ளே வந்தது. நிலத்தின் பக்கம் மண் அரித்துப் போகப் போக, பாரம் குறைந்த பூமியின் மேலோடு மெல்ல மேலே எழும்பியது. ஒகேனக்கலில் பரிசலிலிருந்து ஆட்கள் இறங்கினால் பரிசல் கொஞ்சம் மேலே வருமல்லவா, அதைப் போல.

ஆக, இம்மலை தூக்கி நிறுத்தப்பட்டதா, விட்டு வைக்கப்பட்டதா என்ற பழைய வாதத்துக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. பிளவுகள் எங்கே வெட்டுவது என்று கோடு போட்டன. மேலோட்டின் எழுச்சி வெட்டுவதற்கு உயரம் கொடுத்தது. எதை விட்டுவைப்பது என்பதைக் கல்லின் தன்மை தீர்மானித்தது. மூன்றும் சேர்ந்தால்தான் கல்வராயன்.

பிளவுகள் எல்லாம் செத்துப்போன சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூரிலும், 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் ஏற்பட்ட நிலநடுக்கங்கள், இந்தப் பழைய பூமி இன்னும் முழுதாக உறங்கிவிடவில்லை என்பதைக் காட்டின.

போன மலை எங்கே?

தேய்ந்த மலை எங்கே போயிற்று? மாயமாகவில்லை. கிழக்கே போயிற்று. கோமுகி, மணிமுக்தா இரண்டும் கல்வராயனில் பிறந்து, ஒன்று சேர்ந்து, விருத்தாசலம் வழியாக வெள்ளாற்றில் கலக்கின்றன. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்ததுதான் வெள்ளாறு. அது பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. இன்றைய ஆறுகளுக்கு முன்னோடியான ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேற்கத்திய மேட்டு நிலத்தை அரித்துக் கொண்டுபோய் கடலோரத்தில் கொட்டின. அரியலூர்ப் பக்கம் கடற்சிப்பிப் புதைவுகள் கிடக்கும் படிவுகளும், கடலூர் மணற்கல்லும் அப்படிப் படிந்தவையே. நெய்வேலியில் நிலக்கரியைத் தொட, மேலே தோண்டித் தள்ளும் மணலும் களிமண்ணும் ஒரு காலத்தில் மேற்கே எங்கோ மலையாக இருந்தவைதான்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 மீட்டர் போவதற்கு 10 கோடி ஆண்டு. அதாவது நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். நம் தாத்தா காலத்திலிருந்து நம் பேரன் காலம் வரை, ஒரு நகக்கண் அளவுகூடத் தேயாது.

விருத்தாசலத்துக்குத் தேவாரக் காலத்துப் பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வர். இன்று அங்கே போனால் குன்று என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. சமவெளியில் கோயிலும் மணிமுக்தா நதியும்தான். தலபுராணத்தை நிலவியலாக்க வேண்டியதில்லை. ஆனால் மலைக்கும் முதுமை உண்டு என்ற எண்ணம் நம்மவர் பெயர் வைக்கும் வழக்கத்திலேயே இருந்திருக்கிறது என்பதை எண்ணி மகிழலாம்.

உச்சியில் மண், ஓரத்தில் பாறை

இப்போது முன்னே சொன்ன முடிச்சுக்கு வருவோம். சார்னோகைட் அவ்வளவு கெட்டி என்றால், மலை உச்சியில் செம்மண் எங்கிருந்து வந்தது? சாமையும் தினையும் மரவள்ளியும் எதில் விளைகின்றன?

கன்னெலும் லூஷேயும் சொன்னது இதைத்தான். சரிவில் தண்ணீர் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. அங்கே பாறை காய்ந்து கெட்டியாகவே இருக்கிறது. தட்டையான உச்சியில் தண்ணீர் தங்குகிறது, மெல்ல ஊறுகிறது. பல்லாயிரம் ஆண்டு ஊறினால் சார்னோகைட்டும் மசியும். அதில் உள்ள இரும்பு துருவேறிச் சிவப்பாகும், பாறை மண்ணாகும். சேர்வராயன், கொல்லிமலை உச்சிகளில் இது இன்னும் முற்றி, அலுமினியத் தாதுவான பாக்சைட்டாகவே ஆகியிருக்கிறது. நனைந்தால் மண், காய்ந்தால் கல். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வளர்ந்த இடம்தான் வேறு.

மேட்டு நிலத்தில் மெதுவாக நடந்து வரும் ஓடை, பாறை விளிம்புக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் குதிக்கிறது. மேகம் அருவி, பெரியார் அருவி என்று நாம் சுற்றுலா போய்க் குளித்ததெல்லாம் அந்த விளிம்பில்தான்.

மலை போட்ட கோட்டில் மனிதர் கதை

ஆத்தூர்ப் பள்ளத்தாக்கும் செங்கம் இடைவெளியும் மைசூர்ப் பக்கமிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் வாசல்களாக இருந்தன. வசிஷ்ட நதிக்கரையில் கெட்டி முதலியார்கள் எழுப்பிய ஆத்தூர்க் கோட்டை நிற்பது அந்த வாசலில். ஹைதர் அலியும் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையும் 1767 செப்டம்பர் 3-ல் மோதிக்கொண்டது செங்கத்தில். படைகள் வாசல்கள் வழியே போயின, வந்தன. நடுவிலிருந்த மலையை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதனால் மலை தனியாகவே இருந்தது. அங்கு வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் மலை இருந்தது. நாடு 1947-ல் விடுதலை பெற்றபின்னும் இந்த நிலை முழுதாக மாறவில்லை. 1976-ல்தான் மலை அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. ஒரு நிமிடம் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கீழே பஸ் ஓடியது, மில் ஓடியது, சினிமா ஓடியது. அண்ணாந்து பார்த்தால் தெரியும் இடத்தில் ஜாகீர் ஆட்சி!

இதற்கெல்லாம் மலைதான் காரணம் என்று கைகழுவிவிடலாமா? செங்குத்துச் சரிவு சாலை போடும் செலவைக் கூட்டும், உண்மை. ஆனால் இதே சார்னோகைட் சரிவில்தான் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் வெள்ளைக்காரன் காலத்திலேயே பாதை ஏறியது. பாறை ஒன்றுதான், மேலே இருந்தவர்கள் யார் என்பதில்தான் வித்தியாசம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அதற்குப் பிறகும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, கல்வராயன் மக்களின் சாலை, மருத்துவ வசதிகளைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மலை உயரத்தை மட்டுமே கொடுத்தது. தூரத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள்.

இன்றைய மாணவர்களுக்கு

கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி. மணிமுக்தா அணை 36 அடி. கீழே நெல்லும் கரும்பும் இந்த அடிக்கணக்கை நம்பித்தான். அந்த நீர், மலை உச்சியின் அந்தச் செம்மண்ணில் தங்கி ஊறி வருவது. கெட்டிப் பாறைக்குள் நீருக்கு இடமில்லை. வெடிப்புகளிலும் மேலே கிடக்கும் மண்ணிலும் மட்டும்தான் இடம். அந்த மண்தான் மலையின் தண்ணீர்த் தொட்டி. மரம் போய், சரிவு வெறுமையானால், நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் மெல்ல உண்டான மண், ஒரே ஐப்பசி மழையில் விரல்கடை அளவு இறங்கி அணையில் வண்டலாகப் படிந்துவிடும். மேலே வயலும் போயிற்று; கீழே அணையின் ஆழமும் போயிற்று. மலைக்காரருக்கும் நாட்டுக்காரருக்கும் நஷ்டம் ஒன்றேதான்.

ஆகவே இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஒரு சுத்தியலும் நோட்டுப் புத்தகமும் கொண்டு போங்கள். அடிவாரத்தில் வரிப்பாறை எங்கே முடிகிறது, கருநீலப் பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாலைக்கு வெட்டிய சரிவில் மண் எத்தனை அடி, சரளை எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். மழைக்குப் பின் ஓடை எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். சிவப்பாக வந்தால், அது எந்த வயலிலிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் போய்க் கேளுங்கள். இதையே ஐந்தாறு ஆண்டு, ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குக் கைமாற்றி எழுதி வந்தால், கிங்கும் ஃபூட்டும் எழுதாத ஒன்றை நம் மாணவர்கள் எழுதியிருப்பார்கள்.

250 கோடி ஆண்டுக் கல்லைக் காப்பாற்ற நாம் தேவையில்லை. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன் மேல் கிடக்கும் இரண்டு அடி மண்ணுக்குத்தான் ஆள் வேண்டும்.